ஒரு பட்டன், பதினொரு ‘ஆனால்’: மொபைல் செயலிக்கு பட்ஜெட் போடும் முறை

கோவையில் அறுநூறு வீடுகளுக்குப் பால் போடும் முகவர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் நீளமான கணக்கு நோட்டு. பக்கத்துக்கு இருபது வீடு, வீட்டுக்கு முப்பது கட்டம். “பெரிதாக ஒன்றும் வேண்டாம் தம்பி. வாடிக்கையாளர் போனில் ‘நாளை பால் வேண்டாம்’ என்று ஒரு பட்டன் இருந்தால் போதும். எவ்வளவு ஆகும்?” என்றார்.

அரை நாள் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாக டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் அவர் பதினொரு முறை ‘ஆனால்’ என்று சொல்லியிருந்தார். ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டேன். செயலிக்கான பட்ஜெட் அங்கேதான் பிறக்கிறது. பட்டனுக்கு விலை குறைவு, அதன் பின்னால் வரும் ‘ஆனால்’களுக்குத்தான் பணம் போகிறது.

இங்கே நான் தரும் எண்கள் அவருடைய செயலிக்கானவை, எங்களைப் போன்ற மூன்று பேர் கொண்ட குழுவின் விலையில் போட்டவை. உங்கள் ஊரில், உங்கள் தேவையில் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: போனால் தாங்கக்கூடிய தொகையை எழுதுங்கள்

செயலி செய்பவரிடம் “எவ்வளவு ஆகும்” என்று கேட்பதற்கு முன், உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செயலி ஓடவே இல்லை என்றால், எவ்வளவு பணம் போனாலும் தொழில் நிற்காது? அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பால் முகவர் யோசித்துவிட்டு “நான்கு லட்சம்” என்றார். கடன் வாங்கித்தான் என்றால்? “அப்படியானால் ஒன்றரை” என்று குறைத்துக்கொண்டார். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கும் இடைவெளியை முதல் நாளிலேயே பேசிவிடுவது நல்லது. பாதி வேலையில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

இந்தத் தொகையைச் செயலி செய்பவரிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி. மறைத்தால் அவர் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைச் சொல்வார். ஆனால் முழுத் தொகையையும் சொல்லாதீர்கள், முக்கால் பங்கைச் சொல்லுங்கள். மீதிக் கால் பங்கு எங்கே போகும் என்பது பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: செயலி இல்லாமல் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்

இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. முகவரிடம் ஒரு தனி வாட்ஸ்அப் எண் வாங்கச் சொன்னேன். ‘நாளை பால் வேண்டாம் என்றால் இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பவும்’ என்று மாதக் கணக்குச் சீட்டின் அடியில் அச்சிட்டார். வந்த செய்திகளை அவருடைய அலுவலகத்தில் இருந்த அக்கா ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றினார்.

ஒரு மாதத்தில் தெரிந்த விஷயங்கள் எந்த டிசைனரும் சொல்லித் தராதவை. ‘வேண்டாம்’ என்பதைவிட ‘கூடுதலாக வேண்டும்’ என்பவர்கள் அதிகம். செய்திகளில் பெரும்பகுதி இரவு ஒன்பதரைக்குமேல் வந்தது, முகவரோ மொத்தக் கொள்முதலுக்கு ஒன்பது மணிக்கே ஆர்டர் சொல்லிவிடுகிறார். மாதக் கடைசியில் வரும் தகராறுகள் பெரும்பாலும் ‘வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா’ என்பதில் இல்லை. ‘வேண்டாம் என்று வாசலில் பையனிடம் சொன்னேன், அவன் குறிக்கவில்லை’ என்பதில்தான் இருந்தன. நோய் வாடிக்கையாளர் போனில் இல்லை, விநியோகம் செய்பவர் கையில் இருந்தது. இது தெரிந்ததும் பட்ஜெட்டின் எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

மூன்றாம் படி: ஒவ்வொரு வசதியையும் ‘ஆனால்’ போட்டுப் பிரியுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். தாளின் இடப்பக்கம் வசதி, வலப்பக்கம் ‘ஆனால்’கள். அந்த ஒற்றைப் பட்டனை எடுத்துக்கொள்வோம்.

வாடிக்கையாளர் ‘நாளை வேண்டாம்’ என்று அழுத்துகிறார். ஆனால் மணி ஒன்பதரை, பாலுக்கு ஏற்கெனவே ஆர்டர் போய்விட்டது. அப்போது பட்டன் மங்கலாக வேண்டுமா, இல்லை ‘நாளை மறுநாள் முதல்’ என்று கேட்க வேண்டுமா? ஆனால் நல்ல வாடிக்கையாளர் என்றால் முகவர் விட்டுக்கொடுப்பாராம், அதற்கு அலுவலகப் பக்கத்தில் ஒரு தனி அனுமதி வேண்டும். ஆனால் சிலர் பச்சைப் பாக்கெட்டை மட்டும் நிறுத்திவிட்டு நீலப் பாக்கெட்டைத் தொடர்வார்கள். ஆனால் ஒரே வீட்டில் அம்மா போனும் மகன் போனும் இருக்கின்றன. அம்மா வேண்டாம் என்கிறார், மகன் பத்து நிமிடம் கழித்து இரண்டு லிட்டர் கேட்கிறார், யார் சொன்னது செல்லும்? ஆனால் முன்பணம் கட்டிப் பால் அட்டை வாங்கியவர்களுக்கு நிறுத்திய நாளின் பணம் அடுத்த மாதக் கணக்கில் கழிய வேண்டும். நடுவில் பால் விலை ஏறினால் எந்த விலையில் கழிப்பது? ஆனால் பால் போடுபவர் மறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார், அதற்கு யார் பொறுப்பு? ஆனால் ஸ்மார்ட்போனே இல்லாத பாட்டி வாசலில்தான் சொல்வார்.

இவற்றில் ஒவ்வொன்றும் அரை நாளோ ஒரு நாளோ கேட்கும். வேலை தெரிந்தவர்கள் இதைத்தான் மதிப்பிடுகிறார்கள், தெரியாதவர்கள் பட்டனை மதிப்பிட்டுவிட்டுப் பிறகு விழிக்கிறார்கள். அரை நாள் பட்டன் ஒன்பது நாள் வேலையாக வந்து நின்றது.

முகவர் சொல்லாத ஒரு ‘ஆனால்’ நான் சேர்த்தது. ‘12 முதல் 22 வரை பால் வேண்டாம்’ என்று ஒரு வீடு பதிந்தால், பதினொரு நாள் அந்த வீடு பூட்டியிருக்கும் என்று அர்த்தம். அறுநூறு வீடுகளின் முகவரியோடு அந்தப் பட்டியல் வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே பால் போடுபவர் போனில் அன்றைய பட்டியல் மட்டும் தெரியும், தேதி வரம்பு தெரியாது என்று முடிவு செய்தோம். இதற்கெல்லாம் சட்டமும் வந்துவிட்டது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைக் காக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பால் முகவரிடம் யாரும் அவ்வளவு கேட்கப்போவதில்லை, ஆனாலும் ஒப்புதல் கேட்கும் திரைக்கும் கணக்கை நீக்கும் வசதிக்கும் பட்ஜெட்டில் நாள் ஒதுக்கியே ஆக வேண்டும். கணக்கு உருவாக்க முடிந்தால் நீக்கவும் முடிய வேண்டும் என்று கூகுளும் ஆப்பிளும் கட்டாயப்படுத்துகின்றன.

நான்காம் படி: ஆள்நாளாக மாற்றுங்கள்

ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள். எங்கள் குழுவில் டிசைனர், டெவலப்பர், சோதிப்பவர் என எல்லோருக்கும் சராசரியாக நாளுக்கு ரூ.4,000 என்று வைத்திருக்கிறோம். முகவரின் முழுக் கனவுக்கும் போட்ட கணக்கு இது:

ஓடிபி மூலம் உள்நுழைவு: 4 நாள்
மாதக் கட்டம் காட்டும் முகப்பு: 6
வேண்டாம், கூடுதல், அளவு மாற்றம்: 9
பில், பணம் செலுத்துதல்: 8
அறிவிப்புகள்: 3
தமிழ், ஆங்கிலம் மாற்றம்: 2
பால் போடுபவருக்கான பக்கம்: 10
அலுவலக நிர்வாகப் பக்கம்: 14
சர்வர், தரவுத்தளம்: 12
டிசைன்: 8
சோதனை: 10
பழைய நோட்டை ஏற்றுதல், வெளியீடு: 4

மொத்தம் 90 ஆள்நாள், அதாவது ரூ.3,60,000. வாடிக்கையாளர் கண்ணில் படும் வேலை இதில் 32 நாள் மட்டும்தான். மற்ற 58 நாளும் யாரும் பார்க்காத இடத்தில் போகின்றன. எங்காவது கொட்டேஷனில் நிர்வாகப் பக்கமும் சோதனையும் இல்லை என்றால், அவை மறக்கப்பட்டிருக்கின்றன. இலவசமாக வரப்போகின்றன என்று நினைத்துவிடாதீர்கள்.

பால் போடுபவரின் பக்கத்துக்கு ஏன் பத்து நாள் என்று முகவரும் கேட்டார். அதிகாலை நாலரை மணி, அடுக்ககத்தின் தரைக்கடியில் வண்டி நிறுத்தும் இடம், சிக்னல் இல்லை. போட்டதைக் குறித்தால் போனிலேயே சேமித்து, வெளியே வந்ததும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் அலுவலகத்தில் யாராவது அதே வீட்டின் கணக்கை மாற்றியிருந்தால் எதை ஏற்பது? சிக்னல் இல்லாமல் இயங்க வேண்டும் என்ற ஒற்றை வாக்கியம் எந்தச் செயலியிலும் விலையை ஏற்றும்.

இப்போதெல்லாம் எல்லோரும் ஒன்று கேட்கிறார்கள்: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிறகு ஏன் இத்தனை நாள்? திரைகள் வேகமாக வருகின்றன, உண்மைதான். டிசைனிலும் திரையிலும் நாங்களே நாட்களைக் குறைத்திருக்கிறோம். அம்மாவும் மகனும் வேறு வேறாகச் சொன்னால் யார் சொல் செல்லும் என்பதை மட்டும் முகவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஆகும் நாள் குறையவில்லை.

இந்த 3,60,000-க்கு மேல் இருபது சதவீதம் எதிர்பாராச் செலவு என்று சேருங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்த கால் பங்கு இதற்குத்தான். அது ரூ.72,000. ஆக ரூ.4,32,000. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ரூ.77,760. மொத்தம் ரூ.5,09,760.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரி விதிக்கப்படும் பொருளை விற்பவர் என்றால் இந்த 77,760-ஐ உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ளலாம், கைச்செலவு ஆகாது. பாலுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, ஆகவே பால் விற்பவருக்கு அந்த வரவு கிடையாது. முழுத் தொகையும் அவர் பையிலிருந்துதான். உங்கள் தொழில் எந்தப் பக்கம் என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு இந்த வரியை நிரப்புங்கள். டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அது கூடுதல் செலவு ஆகாது, கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டுவது.

ஐந்தாம் படி: ஆண்ட்ராய்டா, ஐபோனா

இந்தியாவில் பத்தில் ஒன்பது போன்களுக்கு மேல் ஆண்ட்ராய்டு. முதலில் அதற்கு மட்டும் செய்யுங்கள். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்றவற்றில் எழுதினால் ஒரே நிரல் இரண்டிலும் ஓடும் என்பார்கள். பெரும்பாலும் ஓடும், ஆனாலும் சோதனை இரண்டு மடங்கு. ஐபோன் பதிப்பை உருவாக்க மேக் கணினி வேண்டும், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். வசதியானவர்கள் வாழும் ரேஸ் கோர்ஸ் பக்கம் மட்டும் பால் போடுபவராக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஆறாம் படி: கொட்டேஷன்களைப் படியுங்கள், கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள்

முகவர் வேறு இரண்டு இடங்களிலும் கேட்டிருந்தார். ஒன்று ரூ.80,000, இன்னொன்று ரூ.11 லட்சம். எங்களுடையது நடுவில் நின்றது, அதனால் சரியானது என்று ஆகிவிடாது.

எண்பதாயிரத்துக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல. ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் பொது விநியோகச் செயலியில் பெயரையும் நிறத்தையும் மாற்றித் தருவார். உங்கள் ‘ஆனால்’களில் முக்கால்வாசி அதில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், நானே சொல்கிறேன். பதினொரு லட்சத்தில் திட்ட மேலாளர், தனிச் சோதனைக் குழு, ஆவணங்கள் எல்லாம் அடங்கியிருந்தன. மருத்துவமனைக்கோ நிதி நிறுவனத்துக்கோ அது தேவைப்படலாம்.

மூன்றையும் ஒப்பிட, கொட்டேஷன் தந்த எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? நிர்வாகப் பக்கம் உண்டா? எத்தனை போன் மாடல்களில் சோதிப்பீர்கள்? வெளியிட்ட பிறகு எத்தனை மாதம் பிழைகளை இலவசமாகத் திருத்துவீர்கள், பிழை எது, புதிய தேவை எது என்று யார் முடிவு செய்வது? மூல நிரல் என் கைக்கு வருமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு யாராவது இழுத்துப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏழாம் படி: செயலிக்கு வெளியே போகும் பணம்

பட்ஜெட் போடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நானும் இங்கேதான் சறுக்கினேன்.

முதலில் பணம் வாங்கும் வழி. முகவர், “செயலியிலேயே பணம் கட்டிவிட வேண்டும், தானாகக் கணக்கில் ஏற வேண்டும்” என்றார். பேமெண்ட் கேட்வே, அதாவது இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை, வைத்தால் நடக்கும். பல கேட்வேக்கள் கேட்கும் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. சிறிய எண்ணாகத்தான் தெரிகிறது. அறுநூறு வீடு, வீட்டுக்கு மாதம் சராசரி ரூ.1,500, மொத்தம் ஒன்பது லட்சம். கட்டணம் ரூ.18,000, ஜிஎஸ்டி ரூ.3,240. மாதம் ரூ.21,240, ஆண்டுக்கு ரூ.2,54,880. செயலி செய்யும் செலவில் பாதி ஒவ்வோர் ஆண்டும் கட்டணமாகவே போய்விடும். லிட்டருக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் தொழில் இது.

மாற்று வழி: கடையின் யுபிஐ கியூஆரையே பில் திரையில் காட்டுவது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் கிடையாது. ஆனால் பணம் வந்ததா என்று செயலிக்குத் தானாகத் தெரியாது, அலுவலக அக்கா வங்கிக் கணக்கைப் பார்த்துக் குறிக்க வேண்டும். மாதத்தின் முதல் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். எந்தச் செலவு பெரியது என்பதை முகவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

பாலைப் போலப் பொருளாக விற்றால் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ பங்கு தர வேண்டியதில்லை. பாட வீடியோ, சந்தா போன்று செயலிக்குள்ளேயே நுகரப்படுபவற்றை விற்றால் பங்கு உண்டு. சிறு நிறுவனங்கள் 15 சதவீதம் என்று வைத்து பட்ஜெட் போடலாம்.

அடுத்தது எஸ்எம்எஸ். வேறொரு வேலையில், நாற்பதாயிரம் பேருக்கு மாதம் நான்கு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. செய்திக்கு இருபது பைசா என்று ரூ.32,000 எழுதிக் கொடுத்தேன். முதல் மாத பில் ரூ.64,000 வந்தது. தவறு முழுக்க என்னுடையது. ஆங்கிலச் செய்தி 160 எழுத்துக்கு ஒரு கட்டணம், தமிழ் போன்ற யூனிகோட் செய்தி 70 எழுத்துக்கே ஒரு கட்டணம். அதிலும் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். ‘பால்’ என்பது நமக்கு இரண்டு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் நான்கு.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘உங்கள் ஜூன் மாதப் பால் கணக்கு ரூ.1,540. 10-ஆம் தேதிக்குள் செலுத்தவும்.’ எண்ணினால் இடைவெளிகளோடு சரியாக எழுபது. மரியாதைக்கு ‘நன்றி’ என்று சேர்த்தால் 76 ஆகிறது, செய்தி இரண்டாக உடைகிறது, கட்டணம் இரட்டிக்கிறது. ‘நன்றி’ சேர்க்காவிட்டாலும் ஜூன் மாதத்தில் ஒன்று, செப்டம்பரில் இரண்டு, ஏனென்றால் ‘செப்டம்பர்’ நீளமான சொல். கடைப் பெயரைச் சேர்த்தால் எந்த மாதமும் இரண்டுதான். இதனால் பில்லைச் செயலி அறிவிப்பாக அனுப்புவதே வழக்கம் ஆக்கிக்கொண்டோம். கூகுளின் ஃபயர்பேஸில் அறிவிப்பு அனுப்பக் கட்டணம் இல்லை. ஓடிபி மட்டும் எஸ்எம்எஸ்ஸில் போகும். அதற்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகச் செய்திகளைப் பதியும் டிஎல்டி தளத்தில் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் பதிய வேண்டும். வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். பணத்தைவிட நாட்கள்தான் இதில் கரையும், இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

பிறகு, யாரும் எழுதாத செலவு ஒன்று. ஆறு பேர் பால் போடுகிறார்கள். அவர்கள் கையில் இருந்த போன்களில் இரண்டு பட்டன் போன், ஒன்று கண்ணாடி உடைந்தது. ஆளுக்கு ரூ.8,000-க்கு ஒரு போன் என்றால் ரூ.48,000. மாத ரீசார்ஜ் ஆளுக்கு ரூ.300 என்றால் ஆண்டுக்கு ரூ.21,600.

எட்டாம் படி: வெளியீட்டுக்கு நாள் ஒதுக்குங்கள்

நிரல் முடிந்த அன்றே பிளே ஸ்டோரில் வந்துவிடும் என்று திறப்பு விழாவுக்குத் தேதி குறித்து அழைப்பிதழ் அடித்தவர்களை எனக்குத் தெரியும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் பெயரில் திறந்த பிளே கணக்கு என்றால், குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்திய பின்பே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். நிறுவனத்தின் பெயரில் கணக்கு திறந்தால் இந்தச் சோதனை வேண்டாம், ஆனால் நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் கேட்பார்கள். அது இலவசம்தான், வந்து சேரச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். வேலை தொடங்கும் அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

கணக்கு யார் பெயரில் என்பது நாளைவிட முக்கியம். பிளே கணக்கு, டொமைன் (இணைய முகவரி), சர்வர் கணக்கு மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் இருக்கட்டும். செயலி செய்பவருக்கு உள்ளே வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள். எங்களிடம் வந்த ஒருவர், பழைய குழுவோடு மனத்தாங்கல் வந்து, தன் செயலியைத் தானே புதுப்பிக்க முடியாமல் புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கினார். இருந்த பயனர்களையும் நட்சத்திர மதிப்பெண்களையும் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

ஒன்பதாம் படி: ஒன்றும் மாற்றாவிட்டாலும் ஆகும் ஆண்டுச் செலவு

“ஒருமுறை செய்துவிட்டால் அப்படியே ஓடும் அல்லவா?” ஓடாது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசிக்குள் செயலியைப் புதுப்பிக்க வேண்டும் என்பது கூகுளின் வழக்கம். விட்டுவிட்டால், புதிய போன் வாங்கியவர் தேடும்போது உங்கள் செயலி கண்ணில் படாமல் போகும். பயன்படுத்திய துணை நிரல்களும் பழசாகும்.

முகவருக்கு எழுதிய ஆண்டுக் கணக்கு: சர்வரும் நகல் காப்பும் ரூ.18,000, டொமைன், மின்னஞ்சல் ரூ.3,000, எஸ்எம்எஸ் ரூ.6,000, ரீசார்ஜ் ரூ.21,600, பராமரிப்புக்கு 12 ஆள்நாள் ஜிஎஸ்டியோடு ரூ.56,640. மொத்தம் ரூ.1,05,240.

பத்தாம் படி: ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்

செய்வதற்கு ரூ.5,09,760. போன்களும் பிளே கணக்கும் சுமார் ரூ.50,200. செயலிக்கு மூன்றாண்டு ஆயுள் என்று வைத்து இவற்றை மூன்றால் வகுத்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.1,86,650. அதோடு ஆண்டுச் செலவு ரூ.1,05,240. கூட்டினால் ரூ.2,91,890. அறுநூறு வீடு, பன்னிரண்டு மாதம் என்று வகுத்தால் வீட்டுக்கு மாதம் நாற்பது ரூபாய்க்குச் சற்று மேல்.

ஐந்து லட்சம் என்றபோது அசையாமல் இருந்த முகவர், நாற்பது ரூபாய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீட்டுக்கு நாற்பதா? அது என் லாபத்திலேயே வாய் வைக்கிறதே.” மொத்தத் தொகை யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு, ஒரு லிட்டருக்கு, ஒரு டிக்கெட்டுக்கு என்று வகுத்தால்தான் தொழில் செய்பவரின் கணக்கு மூளை விழித்துக்கொள்கிறது.

அதன் பிறகு வெட்டத் தொடங்கினோம். தகராறு எங்கே பிறக்கிறது என்பது இரண்டாம் படியில் தெரிந்திருந்தது. ஆகவே பால் போடுபவரின் பக்கம் 10 நாள், நிர்வாகப் பக்கம் 14, சர்வர் 10, டிசைன் 4, சோதனை 6, ஏற்றுதலும் வெளியீடும் 2. மொத்தம் 46 ஆள்நாள், ரூ.1,84,000. இருபது சதவீதம் சேர்த்து ரூ.2,20,800. ஜிஎஸ்டியோடு ரூ.2,60,544. வாடிக்கையாளர் வழக்கம்போல வாட்ஸ்அப்பில் சொல்வார், அக்கா அதை நிர்வாகப் பக்கத்தில் ஏற்றுவார். ஆறு பேர் மட்டும் பயன்படுத்தும் செயலி என்பதால் பொது வெளியீடே தேவையில்லை, பிளே ஸ்டோரின் உள் சோதனைப் பிரிவில் நூறு பேர் வரை சேர்க்கலாம். எந்தப் பட்டனைக் கேட்டு அவர் வந்தாரோ அது முதல் கட்டத்தில் இல்லை. அவரேதான் அதைப் பட்டியலிலிருந்து அடித்தார்.

பதினொன்றாம் படி: தவணையை வேலையோடு கட்டுங்கள்

தேதிக்குத் தவணை வைக்காதீர்கள், கையில் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றுக்கு வையுங்கள். நாங்கள் எழுதிக்கொண்டது: திரைகளின் வரைபடத்துக்கு ஒப்புதல் தந்ததும் 20 சதவீதம், நிர்வாகப் பக்கத்தில் அறுநூறு வீடுகளும் ஏறியதும் 30, ஒரு பால் போடுபவர் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்ததும் 25, ஆறு பேரும் ஓட்டத் தொடங்கியதும் 15, ஒரு மாதம் கழித்து மீதி 10. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசிப் பத்து கசக்கும், ஆனால் அதுதான் பிழைகளைச் சீக்கிரம் திருத்த வைக்கிறது.

வேலை நடக்கும்போது புதிய ‘ஆனால்’ வந்தால் வாய்மொழியாக விடாதீர்கள். தேதி, என்ன மாற்றம், எத்தனை ஆள்நாள் என்று ஒரு வரி எழுதி இருவரும் வாட்ஸ்அப்பில் ‘சரி’ போட்டால் போதும். வாரம் ஒருமுறை திட்டமிட்ட நாளையும் ஆன நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதி வேலை முடியும் முன்பே எதிர்பாராச் செலவுக்கான தொகையில் பாதி போய்விட்டால், அன்றே நிறுத்தி எதை விடலாம் என்று பேசுங்கள்.

முகவரின் வேலை 53 ஆள்நாளில் முடிந்தது. ஏழு நாள் கூடுதல், அதில் ஐந்து நாளைத் தின்றது அந்தச் சிக்னல் இல்லாத அடித்தளம். ஒதுக்கிய இருபது சதவீதத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் பணம், சுமார் ரூ.8,800 மிஞ்சியது. திருப்பிக் கொடுக்கிறோம் என்றபோது அவர், “இருக்கட்டும்” என்றார். நவம்பர் மழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஈர விரலில் திரை அசையவில்லை, பால் போடுபவர்கள் மறுபடியும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள். போன் நனையாத உறையும் வண்டிக் கைப்பிடியில் மாட்டும் பிடிப்பானும் ஆறு ஆறு வாங்கினோம். பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி இல்லை. அவரும் எழுதச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.